வீட்டு ஸ்டுடியோவில் சிந்தசைசர் கோளாறுகள்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

கன்னியாகுமரி மாவட்டத்தில், குளச்சலுக்கும் மண்டைக்காட்டுக்கும் நடுவே, கடலிலிருந்து அரைக் கிலோமீட்டர் தள்ளி, மாடியில் உள்ள பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் நான் ஒலிப்பதிவு செய்து வருகிறேன். கோயில் கொடைக்கான பக்திப் பாடல்களும், டிசம்பர் நெருங்கினால் கிறிஸ்துமஸ் பாடல்களும்தாம் பெரும்பாலும் வரும் வேலை. இத்தனை ஆண்டுகளில் வேலை நின்றுபோன நாள்களை எண்ணிப் பார்த்தால், மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் சிந்தசைசர் உண்மையிலேயே பழுதானது மூன்று நான்கு தடவைதான். மற்ற நாள்களில் எல்லாம் மின்சாரமோ, கேபிளோ, உப்புக்காற்றோ, யாரோ அழுத்திவிட்டு மறந்த ஒரு பொத்தானோதான் காரணமாக இருந்தது. வன்பொருள் (தனிக் கருவியாக வரும் சிந்தசைசர்) வாங்குவதா, மென்பொருளோடு (கணினிக்குள் ஓடும் சிந்தசைசர்) நிறுத்திக்கொள்வதா என்று வாதிடுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. அவை இரண்டும் வெவ்வேறு விதமாகப் பழுதாகின்றன. ஆகவே வெவ்வேறு விதமாகத் தேட வேண்டியிருக்கிறது.

கீழே உள்ளவற்றில் உங்கள் அறிகுறி எதுவோ அதற்கு நேராகச் செல்லலாம். எதைச் சோதித்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள்; கேபிளையும் டிரைவரையும் ஒன்றாக மாற்றிவிட்டால், கோளாறு போன பிறகும் எது குற்றவாளி என்று தெரியாமலே இருந்துவிடும்.

ஒலியே வரவில்லை

கட்டையிலிருந்து ஸ்பீக்கர் வரை ஒலி போகும் வழியை ஒரு தாளில் வரைந்துகொண்டு, அதன் நடுவில் முதலில் தொட்டுப் பார்ப்பதுதான் விரைவான வழி. மென்பொருள் சிந்தசைசராக இருந்தால் அந்த நடுப்புள்ளி, ஒலிப்பதிவு மென்பொருளில் மிடி (எந்தக் கட்டை அழுத்தப்பட்டது என்பதைச் சொல்லும் செய்தி) வந்து சேர்வதைக் காட்டும் சிறு விளக்கு. கட்டையை அழுத்தும்போது அது மின்னினால், அதுவரை உள்ள பாதை நலம். மின்னவில்லை என்றால் யூஎஸ்பி கேபிளை மாற்றுங்கள். கைப்பேசியோடு வந்த கேபிள்களில் சில மின்னேற்றத்துக்கு மட்டும் உரியவை, அவற்றில் தரவு செல்லும் கம்பிகளே இருக்காது. கேபிள் சரி என்றால், மென்பொருளின் அமைப்பில் அந்த மிடி உள்ளீடு இயக்கப்பட்டிருக்கிறதா என்றும், 16 மிடி சேனல்களில் அனுப்பும் எண்ணும் கேட்கும் எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். மிடி விளக்கு மின்னியும் ஒலியளவு காட்டும் கோடு அசையவில்லை என்றால் பிளக்-இன்னில் (ஒலிப்பதிவு மென்பொருளுக்குள் ஓடும் சிந்தசைசர் போன்ற துணை நிரலில்) ஒலி ஏற்றப்படவில்லை, அல்லது அந்தத் தடத்தில் வாசிப்பதை உடனே கேட்கச் செய்யும் கண்காணிப்பு அணைந்திருக்கிறது. கோடு அசைந்தும் அறை மௌனமாக இருந்தால், மென்பொருள் வேறொரு வெளியீட்டுக்கு ஒலியை அனுப்பிக்கொண்டிருக்கும்.

வன்பொருளில் நடுப்புள்ளி, அந்தக் கருவியின் சொந்த ஹெட்ஃபோன் துளை. அதில் கேட்டால் குற்றம் வெளியே. கேட்கவில்லை என்றால் உள்ளே. உள்ளே என்றால் உடனே திருப்புளியை எடுக்க வேண்டாம். லோக்கல் கன்ட்ரோல் என்ற அமைப்பு அணைந்திருந்தால், கட்டைகள் மிடியை வெளியே அனுப்பிக்கொண்டே இருக்கும், ஆனால் தன் சொந்த ஒலியை எழுப்பாது. இன்னொன்று என்னை ஒரு முழு இரவு அலைக்கழித்தது. ஒரு பாடலின் முடிவில் ஒலி மெல்லத் தேய்ந்து மறைவதற்காக, மிடியின் 7ஆம் கட்டுப்பாட்டு எண் வழியாக ஒலியளவைப் பூச்சியம் வரை இறக்கியிருந்தேன். பாடல் முடிந்தது, கீபோர்டு அந்தப் பூச்சியத்திலேயே நின்றுவிட்டது. முன்பக்கத் திருகியை முழுவதும் திருப்பினாலும் பேசவில்லை. அணைத்துப் போட்டதும் பேசியது. இப்போது ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் ஒலியளவை மீண்டும் ஏற்றும் ஒரு கட்டளையை எழுதிவைக்கிறேன்.

ஒலி குடைந்தெடுத்ததுபோல் வெறுமையாக இருக்கிறது

கீபோர்டின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஒரு ஸ்டீரியோ கேபிளை இழுத்து மிக்சரின் பேலன்ஸ்டு உள்ளீட்டில் சொருகியிருப்பீர்கள். அந்த உள்ளீடு இரு கம்பிகளுக்கும் இடையிலான வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளும் வகையில் அமைந்தது. இடமும் வலமும் ஒன்றாக உள்ள ஒலிகள், அதாவது பேஸும் கிக் டிரம்மும், ஒன்றையொன்று தின்றுவிடும். எதிரொலி மட்டும் மிஞ்சும். இடது, வலது துளைகளிலிருந்து தனித்தனி கேபிள் போடுவதே தீர்வு. கடையில் பி-38 என்று கேட்டு வாங்கும் கால் இஞ்ச் பிளக்கில் மோனோவுக்கு ஒரு கறுப்பு வளையம், ஸ்டீரியோவுக்கு இரண்டு, வாங்கும்போதே எண்ணிக்கொள்ளுங்கள்.

பின்னணியில் ஊம் என்ற இரைச்சல்

இந்த மாவட்டத்தில் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். இதற்குக் காரணம் ஒன்றல்ல. ஆகவே இரைச்சலின் தன்மையையும் அது வரும் நேரத்தையும் முதலில் கவனியுங்கள்.

தாழ்ந்த, சீரான ஊம் என்றால் அது நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ், அல்லது அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸ். லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கிப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். இரைச்சல் நின்றால், கணினியும் ஸ்பீக்கரும் சிந்தசைசரும் வெவ்வேறு வழிகளில் எர்த்தைத் தொட்டு ஒரு வளையம் உண்டாகியிருக்கிறது என்று பொருள். எல்லாக் கருவிகளையும் சுவரின் ஒரே சாக்கெட்டிலிருந்து பிரியும் ஒரே பலகையில் சேருங்கள். ஒரு வீட்டு ஸ்டுடியோவின் கருவிகள் எல்லாம் சேர்ந்தாலும் பெரும்பாலும் 300 வாட்டைத் தாண்டுவதில்லை. 6 ஆம்பியர் சாக்கெட் 1380 வாட் வரை தாங்கும் என்பதால் அஞ்ச வேண்டியதில்லை. அதன் பிறகும் மிச்சமிருந்தால் பேலன்ஸ்டு கேபிளுக்கு மாறுங்கள், அல்லது ஒலிக் கேபிளின் நடுவே, இரு பக்கத்தையும் மின்வழியில் பிரித்து வைக்கும் மின்மாற்றி உள்ள டிஐ பெட்டி ஒன்றை வையுங்கள். சிலர் பிளக்கின் எர்த் முனையை வெட்டிவிட்டால் இரைச்சல் போய்விடும் என்பார்கள். போகத்தான் செய்யும், அதோடு, கருவியின் உள்ளே ஒரு கம்பி அறுந்து இரும்புப் பெட்டியைத் தொடும் நாளில் உங்களைக் காப்பதற்கு ஒன்றும் இருக்காது. அதைச் செய்யாதீர்கள்.

சித்திரை, வைகாசியில் மட்டும் ஊம் கூடுகிறது, மழை தொடங்கினால் குறைகிறது என்றால் எர்த் குழி காய்ந்திருக்கக்கூடும். மண்ணில் ஈரம் குறையக் குறைய அதன் மின்தடை ஏறும். மின்பணியாளரை அழைத்து, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது, பத்து இருபது காட்டினால் குழியைப் பார்த்தாக வேண்டும்.

சீரான ஊம் இல்லாமல், வண்டு குடைவதுபோன்ற கரகரப்பு என்றால் மின்விசிறியின் ரெகுலேட்டரைத் திருப்பிப் பாருங்கள். மின்னணு ரெகுலேட்டர்களில் பல மின்அலையின் ஒரு பகுதியை வெட்டித்தான் வேகத்தைக் குறைக்கின்றன. அந்த வெட்டுதான் கேபிளில் ஏறுகிறது. முழு வேகத்தில் வைத்தால் இரைச்சல் குறையும், மூன்றில் வைத்தால் கத்தும். பதிவு செய்யும்போது விசிறியை அணைப்பதே வழக்கம் என்பதால் பலர் இதைக் கவனிக்காமல் போகிறார்கள். பிறகு கலவை செய்ய உட்காரும்போது இரைச்சலைக் கேட்டு, புதிய இன்டர்ஃபேஸ் (ஒலியைக் கணினிக்குள்ளும் வெளியேயும் கொண்டுசெல்லும் பெட்டி) வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள்.

மின்சாரம் போன பிறகு மட்டும் இரைச்சல் என்றால் குற்றவாளி இன்வெர்ட்டர். மலிவான வகைகள் சதுர அலையைத் தருகின்றன. 50 ஹெர்ட்ஸோடு 150, 250 என்று ஒற்றைப்படை மடங்குகளும் அதில் நிறைந்திருப்பதால் பழைய மின்மாற்றி உள்ள கருவிகள் உடம்பாலேயே முனகும். சைன் அலை தரும் இன்வெர்ட்டரோ யூபிஎஸ்ஸோ ஸ்டுடியோ அறைக்கு மட்டும் தனியாக வைப்பது நல்லது. மழைக் காலத்தில் மின்சாரம் போய்ப்போய் வரும் ஊரில், இந்தச் செலவை இரண்டாவது சிந்தசைசருக்கு முன்னால் வைப்பேன்.

கட்டையை அழுத்திய பிறகு ஒலி தாமதமாக வருகிறது

இது மென்பொருளின் நோய். கணினி ஒலியைத் துண்டு துண்டாகச் சேர்த்து அனுப்புகிறது. அந்தத் துண்டின் அளவே பஃபர். விநாடிக்கு 44,100 சாம்பிள் (ஒலியின் அளவீடு) என்ற வேகத்தில் 256 சாம்பிள் பஃபருக்கு 5.8 மில்லி விநாடி, 512க்கு 11.6, 1024க்கு 23.2. இதன்மேல் டிரைவரும் இன்டர்ஃபேஸும் தம் பங்கைச் சேர்க்கும். காற்றில் ஒலி ஒரு மில்லி விநாடியில் சுமார் 34 சென்டிமீட்டர் செல்கிறது, எனவே 11.6 மில்லி விநாடி என்பது நான்கு மீட்டர் தள்ளி வைத்த ஸ்பீக்கரைக் கேட்டு வாசிப்பதற்குச் சமம். மெல்லிசையில் அது பொருட்டாகாது. விரைவான தாள வாசிப்பில் விரல் தடுமாறும்.

விண்டோஸில் முதலில் பார்க்க வேண்டியது, இன்டர்ஃபேஸ் நிறுவனமே தரும் ஏசியோ (தாமதத்தைக் குறைக்கும் வகை) டிரைவர் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதா என்பது. இன்டர்ஃபேஸே இல்லாதவர்கள் ஏசியோ4ஆல் என்ற இலவச டிரைவரை முயலலாம். புளூடூத் ஹெட்ஃபோனில் வாசிக்க முயல்வது வீண்; அது மட்டுமே நூறு மில்லி விநாடிக்கும் மேல் விழுங்கக்கூடியது. பஃபர் 128இல் இருந்தும் தாமதம் குறையவில்லை என்றால் எல்லாத் தடங்களும் வந்து சேரும் மாஸ்டர் தடத்தைப் பாருங்கள்: முன்கூட்டியே ஒலியைப் பார்த்து வேலை செய்யும் லிமிட்டரோ லீனியர் ஃபேஸ் ஈக்வலைசரோ அங்கே உட்கார்ந்திருக்கும். வாசிக்கும்போது அவற்றை அணைத்து, கலவையின்போது போட்டுக்கொள்ளுங்கள்.

வன்பொருளில் தாமதம் என்பது அனேகமாக இல்லை என்றாலும் முற்றிலும் இல்லை என்று சொல்ல முடியாது. 1983இல் வந்த மிடி விநாடிக்கு 31,250 பிட் வேகத்தில்தான் இன்றும் ஐந்து முனைக் கேபிளில் செல்கிறது. ஒரு சுரத்தின் செய்தி ஏறத்தாழ ஒரு மில்லி விநாடி. பத்துச் சுரங்களை ஒன்றாக ஒரே கேபிளில் அனுப்பினால் கடைசிச் சுரம் பத்து மில்லி விநாடி பிந்தலாம். பல கருவிகளைத் தொடராகக் கோத்திருப்பவர்கள் தாளக் கருவியை மட்டும் தனி மிடி வெளியீட்டில் போடுவது இதனால்தான்.

சடசடவென வெடிக்கிறது

பாடலைக் கோப்பாக ஏற்றுமதி செய்து கேளுங்கள். கோப்பில் வெடிப்பு இல்லை என்றால் கணினி அந்த நேரத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறுகிறது. கோப்பிலும் இருந்தால் எங்கோ ஒலியளவு எல்லை மீறுகிறது, அல்லது வெளியிலிருந்து வந்த ஒலியே அப்படித்தான். முதல் வகைக்கு பஃபரை ஏற்றுவது, வாசித்து முடித்த தடங்களை உறையவைப்பது (தற்காலிக ஒலிக்கோப்பாக மாற்றுவது), மின்சேமிப்பு அமைப்பை உயர் செயல்திறனுக்கு மாற்றுவது, வாசிக்கும்போது வைஃபையை அணைப்பது ஆகியவை மருந்து. மதியத்தில் மட்டும் வெடித்து இரவில் ஒழுங்காக ஓடினால் லேப்டாப் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. ஓட்டுக்கூரைக்கு அடியில் உள்ள மாடி அறைகளில் இது சாதாரணம். அடிப்பக்கத்தில் இரண்டு மரக்கட்டைகளை வைத்து உயர்த்தி, விசிறியின் தூசியை ஊதி எடுத்தாலே பாதி குறையும். ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து ஆனி, ஆடிக் காற்று வீசும் பக்கத்தில் இருப்பவர்கள் அந்தத் தூசியை மாதம் ஒருமுறை எடுக்க வேண்டியிருக்கும்.

பிளக்கை விரலால் உருட்டும்போது வெடிப்பு மாறினால் கணினிக்கு இதில் தொடர்பே இல்லை. துளையில் களிம்பு ஏறியிருக்கிறது.

ஒரே சுரம் இருமுறை ஒலிக்கிறது. அல்லது நிற்கவே இல்லை

இருமுறை ஒலிப்பதற்குக் காரணம், கட்டை நேராகவும் கணினி வழியாகத் திரும்பி வந்தும் ஒலியை இருமுறை தூண்டுவது. ஒலி சற்றுச் சுழல்வதுபோல் கேட்கும்; ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய சுரங்களின் எண்ணிக்கையும் பாதியாகும். மேலே சொன்ன லோக்கல் கன்ட்ரோலை இம்முறை நீங்களே அணைக்க வேண்டும். கோயிலுக்கோ ஆலயத்துக்கோ கீபோர்டைத் தூக்கிச் செல்வதற்கு முன் அதை மீண்டும் போட மறக்காதீர்கள்.

சுரம் நிற்காமல் தொங்கினால் சுரம் முடிந்த செய்தி வழியில் தொலைந்திருக்கிறது. எல்லாச் சுரங்களையும் நிறுத்தும், மென்பொருளின் பேனிக் பொத்தான் அப்போதைக்கு உதவும். அடிக்கடி நிகழ்ந்தால் யூஎஸ்பி ஹப்பைச் சந்தேகியுங்கள். பெடல் தலைகீழாக வேலை செய்தால், அதாவது மிதித்தால் ஒலி அறுந்து, காலை எடுத்தால் நீண்டால், பெடல் மேல் காலை வைத்தபடியே கீபோர்டைப் போட்டிருப்பீர்கள். பல கீபோர்டுகள் தொடங்கும் நொடியில் பெடல் இருக்கும் நிலையையே ஓய்வுநிலை என்று எடுத்துக்கொள்கின்றன.

சுருதி சேரவில்லை

சரியாக அரைச்சுருதி அல்லது முழுச்சுருதி விலகியிருந்தால், சுருதியை மொத்தமாக ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பொத்தான்தான் காரணம். ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுருதி ஏறி, பாடலும் சற்று விரைந்தால், 44,100இல் பதிவு செய்ததை 48,000இல் ஓட்டுகிறீர்கள். இன்டர்ஃபேஸிலும் மென்பொருளிலும் ஒரே எண்ணை வையுங்கள். நூலிழை விலகல் என்றால், சுருதியை நுண்ணளவில் மாற்றும் மாஸ்டர் டியூனைப் பாருங்கள். நாதஸ்வரக்காரர் வந்து அமர்ந்தால் அவர் கீபோர்டின் வழக்கமான 440 ஹெர்ட்ஸுக்கு வரமாட்டார். கீபோர்டுதான் அவரிடம் போக வேண்டும். பழைய அனலாக் கருவியாக இருந்து, போட்டவுடன் மட்டும் சுருதி அலைந்தால் அது நோயில்லை, இருபது நிமிடம் சூடாக விடுங்கள்; அதன்மேல் விசிறிக் காற்றுப் படாமல் இருக்கட்டும்.

சில கட்டைகள் பேசவில்லை, திருகிகள் கரகரக்கின்றன

வன்பொருளுக்கு நம் மாவட்டம் வைக்கும் தேர்வு இதுதான். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இங்கே பெய்வதால் ஜூன் முதல் டிசம்பர் வரை ஈரம் வற்றுவதில்லை. கடலோரத்தில் அதோடு உப்பு சேர்கிறது. குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்து வீடுகளில் உப்பு இல்லை, பூஞ்சை உண்டு.

என் கீபோர்டில் ஒரு கார்த்திகையில் நடு ஸ்தாயியில் ஐந்து கட்டைகள் அடுத்தடுத்து ஊமையாயின. கழற்றிப் பார்த்தபோது கட்டைகளின் கீழ் உள்ள ரப்பர் பட்டை முழுவதும் சிற்றெறும்புகள்; கறுப்புக் கார்பன் பொட்டுகளின் மேல் அரிசிக் குறுநொய் தூவியதுபோல் வெண்முட்டைகள். கருவியின் மெல்லிய சூடு அவற்றுக்குப் பிடித்திருக்கிறது. மென்தூரிகையால் முட்டைகளைத் தள்ளி, ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் கார்பன் பொட்டுகளையும் அவை தொடும் பலகையையும் மென்மையாக ஒற்றி எடுத்து, நன்றாக உலரவிட்டேன். கார்பனைச் சுரண்டக் கூடாது. தின்னரோ பெட்ரோலோ கிட்டவே வரக் கூடாது. ரப்பர் பட்டையின் காம்புகளைத் துளைகளில் திரும்ப ஏற்றும்போது கூர்மையான எதையும் பயன்படுத்தாமல் பல்குச்சியின் மழுங்கிய முனையால் அழுத்துங்கள். ஐந்து கட்டைகளும் மீண்டன. அதற்கு முன்பு நகரத்துக் கடை ஒன்றில் பலகையையே மாற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

திருகிகளுக்கு மின்தொடர்புக்கென விற்கும் கான்டாக்ட் கிளீனரை இரண்டு துளி விட்டு முப்பது முறை திருப்புங்கள். பூட்டுக்கும் சங்கிலிக்கும் அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயை அல்ல. வாசிக்காத கருவியையும் வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் போட்டு வையுங்கள். அதன் சூடே ஈரத்தை விரட்டும். மூடி வைப்பதென்றால் பிளாஸ்டிக் உறைக்குப் பதில் பருத்தித் துணி, பெட்டிக்குள் என்றால் சிலிக்கா ஜெல்.

நினைவகம் அழிந்தது, பிளக்-இன் காணாமல் போனது

பழைய சிந்தசைசரில் சேமித்த ஒலிகள் எல்லாம் ஒருநாள் குப்பையாக மாறினால் உள்ளே இருக்கும் 3 வோல்ட் லித்தியம் பேட்டரி ஓய்ந்துவிட்டது. 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7இல் அது பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அது ஓய்வதற்கு முன்பே மாற்றுவதானாலும், முதலில் ஒலிகளைச் சிஸ்எக்ஸ் (மிடி வழியே ஒலி அமைப்புகளை அனுப்பும் வடிவம்) கோப்பாகக் கணினிக்கு எடுத்துவிடுங்கள், ஏனென்றால் மாற்றும் நொடியில் எல்லாம் அழியும். அந்தக் கருவியின் 32 ஒலிகளும் சேர்ந்து வெறும் 4104 பைட். அதே கோப்பை டெக்ஸ்ட் (Dexed) என்ற இலவச மென்பொருள் சிந்தசைசரும் வாசிக்கும். வன்பொருள், மென்பொருள் பகை என்று பேசுகிறவர்களுக்கு நான் காட்டுவது இதைத்தான்.

மென்பொருள் இவ்வளவு மெதுவாகச் சாவதில்லை. நேற்றுவரை இருந்தது, ஒரு புதுப்பிப்புக்குப் பின் இன்று இல்லை. 2019இல் மேக் கணினிகளின் கேட்டலினா பதிப்பு 32 பிட் பிளக்-இன்களை ஒரேயடியாகக் கைவிட்டது. ஆகவே ஒரு பணி முடிந்ததும் ஒவ்வொரு தடத்தையும் ஒலிக்கோப்பாக ஏற்றுமதி செய்து, பணிக் கோப்போடு சேர்த்து வேறொரு வட்டில் வையுங்கள். பணி நடுவில் இருக்கும்போது எதையும் புதுப்பிக்காதீர்கள். வாடிக்கையாளர் மாலையில் பாட வருகிறார் என்றால் காலையில் கூட வேண்டாம்.

பொருள்களை அடுக்கும் முறை

இவை அனைத்தையும் தேட எனக்கு முன்பு அரை நாள் பிடிக்கும். இப்போது பெரும்பாலும் பத்து நிமிடம். கேபிளின் இரு முனைகளிலும் ஒரே எண்ணைத் துணி பிளாஸ்திரியில் எழுதி ஒட்டியிருக்கிறேன். காகிதச் சீட்டு இங்கத்து ஈரத்தில் ஒரு மழைக்குத் தாங்காது. மின்கம்பிகள் மேசையின் இடப்புறம், ஒலிக் கேபிள்கள் வலப்புறம். இரண்டும் சந்திக்க வேண்டிய இடத்தில் குறுக்காக மட்டுமே கடக்கும். ஒவ்வொரு அடாப்டரின் மேலும் அதன் கருவியின் பெயர், வோல்ட், நடுமுனை நேரா எதிரா என்ற மூன்றும் இருக்கும்: கோர்க் வோல்காவுக்கு 9 வோல்ட், நடுமுனை நேர், கிட்டார் பெடல்களுக்கும் அதே 9 வோல்ட், ஆனால் நடுமுனை எதிர். ஜப்பானிலிருந்து வந்த பழைய கருவியானால் பின்புறம் 100 வோல்ட் என்று இருக்கும். அதற்கென வைத்த இறக்கு மின்மாற்றியின் மேல் சிவப்பு மையில் எழுதி, அதன் பிளக்கையும் சிவப்பு நாடாவால் கட்டியிருக்கிறேன். சுவரில் தொங்கும் ஒரு நோட்டில் கோளாறின் தேதி, அறிகுறி, கடைசியில் கண்ட காரணம் ஆகியவற்றை ஒவ்வொரு வரியாக எழுதிவருகிறேன். அதன் கடைசி வரி சென்ற வாரத்தது: "வலது ஸ்பீக்கர் இல்லை. கேபிள் 14. பல்லி."